வாய் தேய்ந்த மாடு

என் அன்பு மெகரு,

உன் மாடு இப்போது என் வீட்டில் இருக்கிறது. போன வாரம் உன் அண்ணன் அதை ஒரு பழைய போர்வையில் சுற்றி எடுத்து வந்தார். "வூட்டச் சுத்தம் பண்ணோம் தங்கச்சி. மெகரு பீரோ மேல இது இருந்துச்சு. எங்களுக்கு இத என்ன பண்றதுன்னு தெரியல. நீ பேப்பர்ல எழுதறவ, பத்திரமா வெச்சிருப்ப" என்றார். டீ வைக்கிறேன் என்றேன், நிற்கவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு, நீ இல்லாமல் என் வீட்டில் உட்கார அவருக்கு இன்னும் பழகவில்லை போலிருக்கிறது.

அவர் போனதும் போர்வையைப் பிரித்து, நீ வரைந்த அந்தச் சார்ட்டைத் தரையில் விரித்தேன். பச்சைப் புல், செவலை மாடு, நீல வானம். நிறமெல்லாம் மங்கிவிட்டது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்ட மெத்தைத் துணி. உன் தையலில் ஒரு இழைகூடப் பிரியவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்து, இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பென்னாகரம் பக்கத்து விவசாய வீட்டுப் பெண், விடுதியில் இருந்தேன். உன் வீடு டவுனிலேயே, அப்பாவின் மெத்தைக் கடைக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு உங்கள் வீட்டில்தான். நான் உன்னைவிடச் சில மாதம் மூத்தவள், ஆனால் உன் தோளுக்குத்தான் வருவேன். அதனால் உன் அம்மி என்னை உருதுவில் 'சோட்டி' என்பார், சின்னவளே என்று. "அம்மி, அவதான் மூத்தவ" என்று நீ சொல்வாய். "பாத்தா தெரியலையே" என்று அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பார்.

பயிற்சி மாணவர் தன் வேலைக்குச் சான்றாகச் சேர்த்து வைக்கும் தொகுப்பை இப்போது போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். நமக்கு அது ரெக்கார்டு கட்டு. பாடக்குறிப்பு, கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர் வகுப்பைப் பார்த்து எழுதிய குறிப்பு, தலைமையாசிரியர் எப்படிப் பள்ளியை நடத்துகிறார் என்று எழுதிய குறிப்பு, படம் ஒட்டிய ஆல்பம், சார்ட்டுகள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் இடுப்பில் வைத்துத்தான் தூக்க முடியும். இரண்டாம் வருடக் கடைசியில் வெளியூரிலிருந்து தேர்வுக் குழு வரும். 'கமிஷன்' என்போம். கட்டைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்டு மார்க் போடுவார்கள்.

அதில் தவறினால் ஒரு வருடம் போய்விடும். அப்போது வாத்தியார் வேலை கிடைப்பது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த வரிசைப்படி. ஒரு வருடம் தள்ளிப் பதிந்தால் நமக்கு முன்னால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? உன் அப்பாவுக்குப் பஞ்சுத் தூசியில் அப்போதே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் எட்டாவதோடு நின்று கடையில் உட்கார்ந்ததே நீ படிக்கத்தான். உன் வேலையை அந்த வீடே எதிர்பார்த்திருந்தது.

கட்டைத் தேற்ற எல்லோரும் ஒரே வழியில்தான் போனோம். மூத்த மாணவிகளின் பாடக்குறிப்பை வாங்கி, தேதியை மாற்றி எழுதுவோம். ஒவ்வொரு பாடமும் ஒரே வரியில் முடியும்: 'மாணவர்கள் ஆர்வத்துடன் கற்றனர். பாட நோக்கம் நிறைவேறியது.' சார்ட்டுகளுக்கு இன்னும் கடுமையான சட்டம் இருந்தது. அதை வகுப்பில் விரிக்கக் கூடாது, அழுக்காகிவிடும். தூரத்திலிருந்து ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டு, சுருட்டிப் பாலித்தீன் பையில் போட்டுவிட வேண்டும். பிள்ளைகளுக்காக வரைந்த படத்தைப் பிள்ளைகளிடமிருந்தே காப்பாற்றினோம்.

நம் இருவருக்கும் பயிற்சி கிடைத்தது பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில். ஒன்றாம் வகுப்பு உனக்கு, மூன்றாம் வகுப்பு எனக்கு. நீ உன் சார்ட்டுகளின் முதுகில் கடையில் மீந்த மெத்தைத் துணியை வைத்து மைதாப் பசையால் ஒட்டிக் கொண்டுவந்திருந்தாய்.

"ஏண்டி, இதுல படுத்துத் தூங்கலாம் போலிருக்குதே" என்றேன்.

"பசங்க மேல ஏறி உக்காந்தாலும் கிழியாது. அதுக்குத்தான்."

"அப்பறம் கமிஷனுக்கு என்னாத்தக் காட்டுவ?"

"மொதல்ல பசங்களுக்குக் காட்டறேன், இருடி."

அன்று எனக்கு வகுப்பில்லை. உன் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெழுத வேண்டியது என் முறை. அதனால் நடந்தது முழுவதையும் பார்த்தேன். நீ மாட்டைத் தரையில் விரித்தாய். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு சின்னப் பெண் எழுந்து வெளியே ஓடினாள். கை நிறையப் புல்லோடு திரும்பி வந்து, மாட்டின் வாயில் வைத்துத் தேய்த்தாள்.

"டீச்சர், துன்ன மாட்டேங்குது."

"பசிக்கலையோ என்னமோ. நாளைக்கிக் கேட்டுப் பாரு."

மறுநாள் வகுப்பே புல்லோடு வந்தது. ஒருத்தன் கேழ்வரகுத் தட்டை கொண்டுவந்திருந்தான். "எங்க மாடு இதத்தான் துன்னும் டீச்சர்." "எங்குளுது முட்டும் டீச்சர்." சேர்ந்த நாளிலிருந்து வாய் திறக்காத பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள். யார் வீட்டில் எத்தனை மாடு என்பதிலிருந்து எண்ணும் எழுத்தும் வந்தன. அந்த மாதம் முழுக்க மாட்டுக்குத் தீனி நடந்தது. ஈரப் புல்லும் விரலும் பட்டுப் பட்டுக் காகிதம் தேய்ந்து, வாய் போய், பின்னாலிருந்த துணியும் ஓட்டையானது. நீ மெத்தை ஊசியை எடுத்து இன்னொரு துண்டுத் துணியை அதில் வைத்துத் தைத்தாய். மறுநாள் அந்தக் கோட்டுத் துணிக்கே புல் கொடுத்தார்கள்.

உன் பாடக்குறிப்பிலும் அந்த வழக்கமான வரி இல்லை. ஒரு நாள் இப்படி எழுதியிருந்தாய்: 'இன்று வகுப்பு நடக்கவில்லை. கன்றைப் பற்றிக் கேட்டேன். ஒரு மாணவி அழுதாள். அவர்கள் வீட்டுக் கன்று செத்துப்போனது எனக்குத் தெரியாது. இனி நான் கேட்கும் முன் அவர்களைப் பேசவிட வேண்டும்.'

கமிஷனுக்கு முன்னால் நம் விரிவுரையாளர் மேடம் உன் கட்டைப் பிரித்துப் பார்த்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நல்லவர், உன்மேல் அக்கறையோடுதான் பேசினார். "மெகருன்னிசா, நீ எழுதுனது உண்மைதாம்மா. ஆனா வர்றவங்களுக்கு உன்னத் தெரியாது. இந்தக் கட்டுதான் தெரியும். வகுப்பு நடக்கலன்னு நீயே எழுதி நீயே கையெழுத்துப் போட்டா, நான் எப்படிம்மா காப்பாத்தறது? இந்த மாட்ட வேற மாத்திடு."

விடுதியில் எல்லோரும் உனக்காக உட்கார்ந்தோம். ஒருத்தி புதுச் சார்ட்டில் மாடு வரைந்தாள், ஒருத்தி வானத்துக்கு நீலம் அடித்தாள்.

"அடியே, இது ஆட்டுக் கொம்புடி."

"மொறைக்குது பாரு, உன் வருங்கால மாமியா மாதிரி."

"என் மாமியாளுக்காவது வாய் இருக்கும். மெகரு மாட்டுக்கு அதுவுமில்ல."

எல்லோரையும்விட நீதான் அதிகமாகச் சிரித்தாய். புது மாட்டை ஒத்துக்கொண்டாய். ஆனால் பாடக்குறிப்பைத் திருத்தி எழுத நான் புதுநோட்டு கொடுத்தபோது, முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடினாய். "ஆர்வத்துடன் கற்றனர்னு எழுதிட்டா, அடுத்த தபா நான் எத மாத்திக்குவேன்? எனக்கே தெரியாமப் போயிடுமே" என்றாய். மூடிய பேனாவை மறுபடி திறந்தாய், மறுபடி மூடினாய். நீ பயப்படாதவள் என்று பிறகு பலர் சொன்னார்கள். அது சரியில்லை. நீ நன்றாகப் பயந்தாய்.

கமிஷன் அன்று கூடத்தில் உன் முறை எனக்கு முன்னால் வந்தது. புது மாடு ஆணியில் தொங்கியது. பழையது உன் துணிப்பைக்குள் இருந்தது. அதை ஏன் கொண்டுவந்தாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. தேர்வாளர் அதிகம் பேசாத மனிதர். எல்லோரிடமும் கேட்டதையே உன்னிடமும் கேட்டார்.

"இந்தச் சார்ட்ட எந்த வகுப்புல பயன்படுத்துனீங்க?"

ஒன்றாம் வகுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நீ மாட்டைப் பார்த்தாய், தரையைப் பார்த்தாய்.

"இதப் பயன்படுத்தலைங்க சார். இது நேத்து வரைஞ்சதுங்க. பயன்படுத்துன மாடு பைக்குள்ள இருக்குதுங்க."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"பைக்குள்ள மாடா? எடுங்க பாக்கலாம்."

விரித்தாய். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "வாய் எங்கம்மா?"

"பசங்க புல்லு குடுத்தாங்க சார். தேஞ்சு போச்சுங்க."

கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டுத் துணியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு உன் பாடக்குறிப்பைப் புரட்டி, கன்று செத்த பக்கத்தில் நின்றார்.

"மறுநாள் என்ன செஞ்சீங்க?"

"அந்தப் பொண்ணையே பேசச் சொன்னேங்க சார். கன்னுக்குட்டிக்கு அவ ஒரு பேர் வெச்சிருந்தா. அதப் பலகையில எழுதச் சொன்னா. எழுதுனேங்க. எல்லாரும் படிச்சாங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார். மறுநாள் குறிப்பில் அதுவே இருந்தது. "சரி, போகலாம்" என்றார். அவ்வளவுதான். பாராட்டவில்லை. பின்னாளில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் அவர் எழுந்து கைகொடுத்ததாகச் சேர்த்துக்கொண்டார்கள். நான் அங்கேயே இருந்தேன், கைகொடுக்கவில்லை.

தேர்ச்சிப் பட்டியலில் உன் பெயரைப் பார்த்துவிட்டு உன் வீடு வரை ஓடினோம். அண்ணன் கடையில் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தவர், முடியெல்லாம் பஞ்சோடு ரோட்டுக்கே வந்துவிட்டார். ரெக்கார்டில் உனக்கு வந்தது மட்டான மார்க். என்னுடையது கூடுதல். "பாரு அம்மி, வாயில்லாத மாட்டுக்கு மார்க்கக் கொறச்சுட்டாரு" என்று அம்மியிடம் சொல்லிச் சிரித்தாய். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருவரும் ஒரே நாளில் பதிந்தோம். அழைப்பு வரும்வரை இருக்கட்டும் என்று நான் ஒரு செய்தித்தாளுக்கு எழுதப் போய் அங்கேயே தங்கிவிட்டேன். நீ காத்திருந்து வாங்கினாய். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வத்தல்மலைப் பக்கம் உனக்கு வேலை வந்தது.

நீ தலைமையாசிரியை ஆன பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. உன்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் சொன்னதை எழுதுகிறேன். உன் முதல் கூட்டத்தில் எல்லா ஆசிரியர்களும் தங்கள் குறிப்பேடுகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம், குறை கண்டுபிடிக்கப் போகிறாய் என்று. நீ உன்னுடையதை மேசை நடுவில் திறந்து வைத்து, "மொதல்ல என்னுதப் பாருங்க. இந்த வாரம் நான் சொதப்புனது ரெண்டாவது பக்கத்துல இருக்குது. எப்படிச் சரி பண்ணலாம், சொல்லுங்க" என்றாயாம். "அதுக்கப்பறம் நாங்க எதுக்குங்க மறைக்கப் போறோம்?" என்றார் அவர்.

நேற்று முன்தினம் அவர்தான் என்னைத் தருமபுரியில் புதிய தலைமையாசிரியர்களுக்கான பயிற்சிக்குக் கூட்டிப் போனார். ஒவ்வொருவரும் ஒரு போர்ட்ஃபோலியோ தயாரிக்கிறார்கள். வண்ணப் படங்கள், வழவழப்பான உறைகள். நான் உன் மாட்டைக் காட்டி உன் கதையைச் சொன்னேன். தேநீர் இடைவேளையில் ஒரு இளம் தலைமையாசிரியை என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: "சரியா வராததையும் வெக்கணுமாங்க? மேல இருக்கறவங்க பாத்தா?"

இத்தனை வருடம் கழித்தும் அதே பயம், மெகரு. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அவளும் பயந்தாம்மா. பயந்துக்கிட்டேதான் வெச்சா" என்றேன். அவர் தன் கோப்பைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மேலே வைத்தார். அதில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

பயிற்சி நடத்தியவருக்கு உன் மாடு மிகவும் பிடித்துவிட்டது. "மேடம், இத கண்ணாடி ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிடலாங்க. பரம்பரைக்கும் இருக்கும்" என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். பத்திரமாக வைப்பேன் என்று நம்பித்தான் உன் அண்ணனும் கொடுத்தார். நீயே கடைசியில் அதைப் பீரோ மேல் ஏற்றி வைத்திருந்தாயே, அது ஏன்? பசை உதிரும் என்றா? அல்லது உனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்றா? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

யோசித்துவிட்டேன். கண்ணாடிக்குள் வைத்தால் அது பாலித்தீன் பைதான். காலையில் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். "கிழிஞ்சா சொல்லு தங்கச்சி, துணி தரேன்" என்றார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மலையடிவாரத்து அதே பள்ளிக்கு அதை எடுத்துப் போகிறேன். ஒன்றாம் வகுப்பில், தரையில் விரிப்பேன். யார் புல்லோடு வந்தாலும் தடுக்க மாட்டேன். வாய் போனது போல் கொம்பும் காலும் போகட்டும், வால் வரைக்கும் தேயட்டும். ஓட்டை விழும்போதெல்லாம் போய்த் தைத்துக் கொடுப்பேன், இது உனக்கு என் வாக்கு. என் தையல் உன்னுடையது போல் இருக்காது. அதற்கு மார்க்கைக் குறைத்துக்கொள்.

உன்னைவிட மூத்த தங்கச்சி,
சோட்டி என்கிற செல்வராணி