பதிவேட்டில் இந்து

ஜனவரி 9, 2024
பத்து நாள் 'பிரேக்' முடிந்து தேயிலை ஃபேக்டரிக்குத் திரும்பினேன். பதிவேட்டில் இந்த முறை என் பெயர் இந்து. ஒரே ஆள் தொடர்ந்து வேலை செய்ததாகத் தெரியக் கூடாதாம். அதனால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு புதுப் பெயர். "மறந்துபோயி சொந்தப் பேரு பூமாரின்னு எழுதிராதம்மா" என்றார் காண்ட்ராக்டர். சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜனவரி 21
திருப்பூரிலிருந்து வீட்டுக்காரர் பேசினார். டெம்பரவரி ஆட்களுக்கு எஸ்டேட் வரிசை வீடுகளில், லயத்தில், இடம் கிடையாது. நான் அண்ணன் வீட்டு அடுப்படியில் படுக்கிறேன். அவர் அங்கே மில் விடுதியில். ஆறு வருஷமாக இப்படித்தான். "நீ பெர்மனென்ட் ஆயி வீடு கெடச்சா, மறுநாளே வந்துருவேன் புள்ள." இந்தப் பேச்சை வைத்தே ஒரு வாரம் ஓடிவிடும்.

மார்ச் 4
அவரோடு நேரில் சண்டை போட ஆசையாக இருக்கிறது. போனில் போட்டால் பாதியில் கட் ஆகிவிடுகிறது.

மார்ச் 18
பெர்மனென்ட் ஆகிறவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். நான் இல்லை. ஆபீஸில் கேட்டேன். பூமாரிக்கு எட்டு மாத சர்வீஸ்தான் இருக்கிறதாம். மீதி? மீதியெல்லாம் இந்துவும் மோனிஷாவும் சோனாவும் செய்த வேலையாம். அந்த மூணு பேரும் நாந்தானய்யா! என் இடுப்புவலி யாருக்கு வந்தது, மோனிஷாவுக்கா?

மார்ச் 19
பதிவேட்டில் பூமாரி என்று எழுதினேன். கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மே 27
நான் கொடுத்த புகாருக்கு லேபர் ஆபீஸில் விசாரணை. டீத்தூள் சலிக்கும் மெஷினில் என்னோடு நின்ற பிலோமி அக்கா லீவு போட்டுவிட்டு வந்தது. அக்கா பெர்மனென்ட், அதற்கு என்ன வந்தது? "ஆறு வருசமா எம்பக்கத்துல நின்னது இவதான் சார். வேற யாரும் கெடையாது. எங்க வேணும்னாலும் ஒப்பு போடுதேன்." சொன்னபடியே அக்கா கையெழுத்தும் போட்டது.

நவம்பர் 12
உத்தரவு வந்துவிட்டது. ஆறு வருஷமும் சேர்த்து. நான் பெர்மனென்ட்! அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை — ஷிப்டில் இருப்பார்.

டிசம்பர் 1
வீடு கிடைத்தது. நானே வெள்ளையடித்தேன். "எப்ப வாறீங்க?" என்று அவரிடம் போனில் கேட்டேன்.

"இங்க என்னையும் பெர்மனென்ட் ஆக்கிட்டாங்க புள்ள. இம்புட்டு வருசம் காத்துக் கெடந்தது. எப்பிடி விட?"

விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியாதா? "சந்தோசம்" என்றேன்.

பொங்கலுக்கு வருகிறாராம். நாலு நாள். சம்பளத்தோடு லீவு.