நான்கு மடங்கு பாரம்

இன்று நாகர்கோவிலில் ஒரு துணிக்கடை லிப்டில் ஏறினேன். அது சட்டென்று மேலே கிளம்பியபோது உடம்பு ஒரு கணம் கனத்து, கால்கள் தரையில் அழுந்தின. பக்கத்தில் நின்ற குழந்தை சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மார்த்தாண்டத்தில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூவரும் உட்காருவோம். மேசைமேல் ஒரு விண்கப்பல் கதை விரியும். சக்கர நாற்காலியில் இருந்த நீ பைலட். உன் தங்கை ஜெபா இன்ஜினியர். கதையை நடத்துவது நான். ஆபத்து வந்தால் பகடை உருட்டி, என்ன ஆயிற்று என்று முடிவு செய்வோம்.

இந்த மாதிரி விளையாட்டுகள் பலவற்றில் கப்பல் எவ்வளவு வேகமெடுத்தாலும் உள்ளே இருப்பவரின் டீகூடத் தளும்பாது. பாரத்தை விழுங்கும் இயந்திரம் ஒன்று இருப்பதாக எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உனக்கு அது பிடிக்காது. “வேகம் கூடுனா மேலுல வந்து அமுக்கணும்லே” என்பாய். உன் சொற்படியே விதி வைத்தோம். பாதி வழிவரை வேகத்தைக் கூட்ட வேண்டும். பிறகு கப்பலைத் திருப்பி, மீதி வழி முழுக்கக் குறைக்க வேண்டும். இரண்டிலும் உடம்பு கனக்கும்.

தசை நலிவு உன் மூச்சைத் தொடத் தொடங்கியிருந்த நேரம். கதையில், தொலைவிலுள்ள ஒரு நிலவில் கொள்ளைநோய். மருந்து நம் கப்பலில். மெதுவாகப் போனால் பிந்திவிடும்.

“நாலு மடங்கு போடு” என்றாய்.

உடம்பு நான்கு மடங்கு கனக்கும் அந்தப் பாரத்தில் மயங்காமல் இருக்க எல்லாரும் பகடை உருட்டியாக வேண்டும். உன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

“உருட்டாண்டாம். போன துறைமுகத்துல பாரத்த விழுங்குற மிசின் ஒண்ணு மாட்டியாச்சு.”

ஜெபா தலைகுனிந்துகொண்டாள்.

“எனக்க கப்பல்ல எனக்குத் தெரியாம எப்பம்லே மாட்டின?” என்று கேட்டாய்.

“வெளையாட்டுதானே மக்கா.”

“வீட்டுல எனக்காகப் படிய இடிச்சாச்சு. சர்ச்சுல தனி இடம் போட்டாச்சு. அதெல்லாம் வேணும், வேண்டாம்னு சொல்லல. இங்கயாவது எல்லாருக்கும் உள்ள பாரம் எனக்கும் இருக்கட்டும்.”

என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மிசினைக் கழற்றினேன்.

விரல்கள் மடங்காததால் உள்ளங்கையைச் சாய்த்துப் பகடையை விழவிட்டாய். தோற்றாய். பாதி வழி தாண்டியும் கப்பலைத் திருப்ப ஆளில்லை, பைலட் மயங்கிக் கிடந்தான். ஜெபாவின் இன்ஜினியர் தவழ்ந்துபோய் இன்ஜினை அணைப்பதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. கப்பல் நிலவைக் கடந்து ஓடியது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “இதுதாம்லே ஆட்டம்!” நான் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கப்பலைத் திருப்பலாம் என்றிருந்தோம். அந்த ஞாயிறு நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். வீட்டுக்குத் திரும்பவில்லை.

உன் அடக்க ஆராதனையில் என்னைப் பேசச் சொன்னார்கள். “இனி அவனுக்குப் பாரமில்லை” என்றேன். பலர் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசையில் ஜெபா மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதே மிசினை மறுபடியும் மாட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயே கூசிப்போனேன்.

வெகுநாள் உன் வீட்டுப் பக்கம் போகவில்லை. போன மாதம் அவளே அழைத்தாள். “கப்பல் இன்னும் ஓடிட்டுல்லா கெடக்கு. முடிப்போம் அண்ணே. எங்க அண்ணனுக்கும் சேத்து உருட்டணும்.”

போனேன். வேகத்தைக் குறைக்க மறுபடி நான்கு மடங்கு. அவள் உருட்டித் தப்பினாள். உனக்காக நான் உருட்டினேன். எண் குறைவாக விழுந்தது. நடத்துபவன் நினைத்தால் எதையும் மாற்றலாம். ஜெபா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மயக்கம் தெளியல்ல” என்றேன்.

அவள் தலையாட்டினாள். கதையில் உன் பைலட் இருக்கையைப் பிடித்தபடி கப்பலை நிலவுக்குத் திருப்பினாள். பிந்தித்தான் போய்ச் சேர்ந்தோம். உயிரோடு மிஞ்சியிருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தோம்.

உனக்கு மிசின் மாட்டிய அந்த வெட்கம் இன்னும் என்னோடு இருக்கிறது, மக்கா. அதை லேசாக்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.