அப்பா மாதிரி இல்லாத சாமி

என் அன்பு ஆண்டனி மச்சான்,

நல்ல சேதி. நாம் சேர்ந்து தொடங்கிய ஆய்வுக்குப் போன வாரம் சிதம்பரத்தில் பட்டம் உறுதியாகிவிட்டது. நீயும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய நாள். இரண்டு வருடமாக நீ இல்லாத மேசையில் எழுதி முடித்தேன்.

உளப்பகுப்பாய்வு சொல்வதைச் சோதிக்கலாம் என்றது நீதான். கடவுள் என்பது பெரிதாக்கப்பட்ட அப்பா, சிறுவயதுப் பயமும் பாசமுமே பக்தி என்று வகுப்பில் கேட்டுவிட்டு, “சரி மச்சான், இது தப்பா இருந்தா எப்படித் தெரியும்?” என்றாய். சாமியே கும்பிடாத உனக்குப் பிடித்த கொள்கைதான் அது. அதைத்தான் தோற்கடிக்கப் பார்த்தாய்.

நினைவிருக்கிறதா, உன் பைக்கில் ஊர் ஊராகப் போனது? சந்தித்த ஒவ்வொருவரையும் ஒரு முறை அப்பாவைப் பற்றி, சில வாரம் கழித்துச் சாமியைப் பற்றிப் பேச வைத்தோம். பரங்கிப்பேட்டைக் கடைக்காரர், “வாப்பா வெளிநாட்ல. வருஷத்துக்கு ஒரு மாசந்தான் பாப்போம். அல்லா எப்பவும் கூடவே இருக்கான்” என்றார்.

பிச்சாவரம் பக்கம் அஞ்சலை அக்கா, சுனாமியில் கணவரைப் பறிகொடுத்தவர், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நம்மைத் திருப்பிக் கேட்டார். “எங்கப்பன் குடிச்சிட்டு வந்து அடிக்கும். சாமியும் அதே மாதிரின்னா நான் ஏன் கும்புடப் போறேன்?”

நமக்கு வழிகாட்டிய பேராசிரியரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார். “அதுவும் அப்பாதாம்பா. கிடைக்காத நல்ல அப்பாவை சாமியா ஆக்கிக்கிட்டாங்க.”

நீ விடவில்லை. “அப்பா மாதிரி இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரின்னா, அப்புறம் நாம எதுக்கு சார் கேள்வி கேக்கணும்? அது தோக்கறதுக்கும் ஒரு வழி வேணும் இல்ல?” அதற்குப் பிறகு அவர் நம்மைத் தடுக்கவில்லை.

அப்பா பற்றிய பேச்சுகளையும் சாமி பற்றிய பேச்சுகளையும் பெயர் மறைத்துக் கலைத்து வேறு ஆட்களிடம் கொடுத்தபோது, ஒருவருடைய சாமியை அவருடைய அப்பாவோடு யாராலும் சேர்க்க முடியவில்லை, மச்சான். இந்த முடிவைப் பார்க்காமலே போய்விட்டாயே. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவன், வழியிலேயே.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார், “அப்ப கடவுள் இருக்காருன்னு நிரூபிச்சிட்டீங்களா?”

“இல்லீங்க சார். இந்த விளக்கம் ஜனங்க சொன்னதோட ஒட்டலைன்னு மட்டுந்தான் சொல்றேன். கடவுள் இருக்காரா இல்லையாங்கறது வேற கேள்வி.”

நீ இருந்திருந்தால் இன்னும் அழகாகச் சொல்லியிருப்பாய். இல்லையா?

இன்னொரு சேதி. என் தங்கை, உன் வசந்தி, ஞாயிறுதோறும் முதுநகரில் உன் அம்மாவோடு சர்ச்சுக்குப் போகிறாள். நம் வீட்டுக் கோயிலுக்கும் வராதவள், முன்பு அம்மா அழைத்தபோதும் சிரித்தபடி மறுத்தவள். எனக்குள் உடனே பாடப்புத்தகம் விழித்துக்கொண்டது. துணையை இழந்தவள் காக்கும் தகப்பனைத் தேடுகிறாளோ? கேட்டே விட்டேன்.

“தெரியலண்ணே. அங்க அவுரு பேரைச் சொல்லி ஜெபம் பண்றாங்க. வேற எங்க போனாலும், நான் அழுதுடுவேன்னு யாரும் அவுரு பேரையே எடுக்க மாட்டேங்கிறாங்க.”

நாங்களுந்தான், மச்சான். வீட்டில் உன் படத்துக்கு மாலை போட்டோம். உன் பெயரைத்தான் சொல்லாமல் இருந்துவிட்டோம். இது நம்பிக்கையா, ஏக்கமா, உன்மேல் உள்ள காதலா? எனக்குத் தெரியவில்லை. அவளை எந்த விளக்கத்துக்குள்ளும் அடைக்க மனம் வரவில்லை.

வரும் ஞாயிறு சர்ச்சில் உன் நினைவுப் பூசை. நானும் போகிறேன். எதையும் சோதிக்க அல்ல. எனக்கு ஜெபம் தெரியாது, வசந்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அன்று மதியம் சாப்பாட்டில், அவள் அழுதாலும் பரவாயில்லை, உன்னைப் பற்றி நானே முதலில் பேச்செடுப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மனைவியின் அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
குமரன்