கடலையைப் பார்க்காத கடலை வியாபாரம்

மேற்குத் தாம்பரம்
8-5-2008

அன்பு மகன் ஹேமநாத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்பதே காலையிலிருந்து எங்கள் நினைப்பு. கொண்டைக்கடலை, சோயா எண்ணெய், ரப்பர், உருளைக்கிழங்கு நான்கிலும் முன்பேர வர்த்தகத்தை, விலைவாசியைக் கட்டுப்படுத்த, அரசு நான்கு மாதம் நிறுத்திவிட்டதாக இன்றைய பேப்பரில் வந்திருக்கிறது. மும்பையில் நீ பார்ப்பது கடலை வர்த்தகம் என்பதால் அம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

ஸ்டேஷன் பக்கம் பஜ்ஜி போடும் கன்னியம்மாவிடம் போன மாதம் உன் வேலையைப் பற்றிப் பெருமையடித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து வரப்போகும் கடலையை இன்றே வாங்கி, மூட்டையைக் கண்ணால் பார்க்காமலே, விலை ஏறினால் நாளைக்கே விற்றுவிடுவான் என்றேன். முப்பது வருடம் நிருபராக இருந்தும் யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியவில்லை. மாவும் எண்ணெயும் மண்ணெண்ணெயும் விலை ஏறியும், ரயிலுக்கு ஓடுகிறவர்களிடம் சில்லறைக்கு மல்லுக்கட்ட முடியாதென்று பஜ்ஜியை இரண்டு ரூபாயிலேயே நிறுத்தி, வாழைக்காயை மட்டும் மெலிதாகச் சீவிக்கொண்டிருந்தவள் அவள். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே, இன்னா சார், உம் புள்ள கடலையே இல்லாம கடல விக்கிறாராம், நான் மாவே இல்லாம பஜ்ஜி போட்டுத் தரவா என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைப்பாள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை போனில், விலை ஏறுவது உங்களாலா என்று கேட்டேன். விளைச்சல் குறைவு, கச்சா எண்ணெய் என்று சொல்லி நீ தப்பித்திருக்கலாம். அதெல்லாமும் இருக்கு, எங்க பங்கு எவ்வளவுன்னு தெரியலப்பா, ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன் என்றாய். என் கேள்விக்கு இப்படிப் பதில் சொன்னவர்கள் குறைவு. அதற்கு நன்றி, கண்ணா.

அதையும் இன்றைய செய்தியையும் கன்னியம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்போ தம்பி வேல இன்னா ஆவும் சார் என்றாள். போச்சின்னா இங்க வரச் சொல்லு, கடல மாவையாவது கண்ணால பாக்கட்டும் என்றாள். கனமாகச் சீவி இரண்டு பஜ்ஜி போட்டு, அம்மாவாண்ட குடு என்று தந்தாள், காசு வாங்கவில்லை. அம்மா எனக்கு ஒரு விள்ளல்கூடத் தரவில்லை.

இந்த மாதம் பணம் அனுப்பாதே, பென்ஷன் போதும். நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது. எங்கள் ஆசி உண்டு.

கேஸ் விலை ஏறும் என்கிறார்கள், உத்தரவு வரவில்லை. கடலைத் தடை செப்டம்பர் 6 வரை. அதற்குள் மாவு விலை இறங்குமா, உன்னை வேலையில் வைத்திருப்பார்களா, இரண்டும் இன்று தெரியாது. கன்னியம்மாவின் அடுப்பருகே உனக்கு ஓர் இடம் இருப்பது மட்டும் உறுதி.

உன் அப்பா,
எத்திராஜ்