கவர் போட்டு மூடி வெச்ச செவப்புக் காரு

கிணத்துக்கடவு,
ஞாயித்துக்கெழமை

அன்பு மகள் இளவேனிலுக்கு,

அம்மா எழுதறேன். அங்க அயர்லாந்துக் குளிருல காதை மூடிக்கிட்டு, வேளைக்குச் சாப்புட்டு, ஆஸ்பத்திரி டூட்டி முடிஞ்சதும் நேரத்துல தூங்கிச் சொகமா இருப்பேன்னு நம்பிக்கிட்டு எழுதறேன். இங்க நான் சொகம். உங்கப்பாவும் இப்போ சொகம். அந்த இப்போங்கறதுக்குத்தான் இவ்வளவு பெரிய கடுதாசி, பதறாம கடைசி வரைக்கும் படி கண்ணு. போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. நான் போனை எடுத்தா உங்கப்பா பக்கத்துல வந்து நின்னுக்கறாரு, வாயைத் தொறந்தா அங்க மழையா பாப்பான்னு பேச்சை மாத்திப்போடறாரு. பக்கத்து ஊட்டு சஃபியாவோட தம்பி இந்த வாரம் டப்ளினுக்குத் திரும்பிப் போறானாம், பருப்புப்பொடியோட இதையும் குடுத்துவிடறேன்.

விசயம் நீ வாங்கிக் குடுத்த செவப்புக் காருதான். ஈச்சனாரிக் கோயில்ல பூசை போட்டு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி, உங்கப்பா ஊட்டுக்குக் கொண்டுவந்து கார் செட்டுல நிறுத்தினாரில்ல, அதுக்கப்பறம் அந்தக் காரு ரோட்டைப் பாத்ததே அபூர்வம். மழை பேஞ்சா சேறுங்கறாரு, வெய்யிலடிச்சா பெயிண்டு வெளுத்துரும்ங்கறாரு, பொள்ளாச்சி ரோட்டுல லாரிக்காரனெல்லாம் கண்ணு மண்ணு தெரியாம வாரான்ங்கறாரு. தெனமும் காலையில தொடைப்பாரு, சித்த நேரம் ஸ்டார்ட் பண்ணி வெச்சு அந்தச் சத்தத்தைக் கேட்டுப்போட்டு, கவரை இழுத்து மூடிருவாரு. மழைக்காலம் வந்ததும் அந்த ஸ்டார்ட் பண்றதும் நின்னுபோச்சு. நான் சத்துணவுக் கூடத்துக்குச் சமைக்க வேகாத வெய்யில்ல நடந்தே போறேன், ஊட்டுல காரு நெழலுல நிக்குது. வைகாசியில நம்ம ஒறம்பரை சனத்துக் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நம்ம பிக்கப் வண்டியில போய் எறங்குனேன், சேலை பூராவும் தேங்கா மட்டைத் தூசி. காரு வெச்சிருக்கறவிய இப்படித்தான் வருவீங்களான்னு அங்கொருத்தி கேட்டுப்போட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு.

இத்தனைக்கும் உங்கப்பாவுக்கு வண்டி வெவரம் தெரியாதுன்னா பரவாயில்லை. அந்தப் பிக்கப்பை எப்படி வெச்சிருக்காருன்னு நீயே பாத்திருக்கே. காலையில ஆயில் குச்சியை உருவிப் பாக்காம, ரேடியேட்டருக்குத் தண்ணி பாக்காம, டயரை ஒரு தட்டுத் தட்டாம எடுக்க மாட்டாரு. இடது பக்கக் கதவு உள்ளயிருந்துதான் தொறக்கும், ஹாரன் ஸ்டேரிங்கைத் திருப்பினாத்தான் அடிக்கும், ஆனா சாவி போட்டதும் ஒரே தட்டுல எந்திரிச்சுக்கும். நார் மில்லுக்கு மட்டை ஏத்திக்கிட்டுத் தெனம் ஓடற வண்டியாச்சே. வண்டி நின்னா கெட்டுப்போகும், ஓடினாத்தான் நல்லதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவரு, சொந்தக் காருன்னு வந்ததும் அத்தனையும் மறந்துபோட்டாரு. நான் ஓட்டறேன்னு கேட்டா அதுவும் ஆகாது. எனக்கு லைசென்சு எடுத்துக் குடுத்தவரே அவருதான், பிக்கப்பை நான் ரேசன் கடைக்கும் மாவு மில்லுக்கும் ஓட்டலாமாம், காரைத் தொடக் கூடாதாம். காருக்குள்ள பெருக்கான் ஓடற சத்தம் கேக்குதுங்க, பானெட்டைத் தொறந்து பாருங்கன்னு எத்தனையோ தரம் சொன்னேன். கவர் போட்டிருக்குது, எலி எப்படிப் போகும்ங்கறாரு. பக்கத்துலயே மட்டைக் குவியலு வேற. எலி இருக்கற எடத்துக்கு அடுத்தது என்ன வரும்னு பச்சைக் கொழந்தைக்கும் தெரியும்.

ஆடிக் காத்து அடிச்ச ஒரு சனிக்கெழமை சாயங்காலம். கவரு பறந்துரும்னு அதை இழுத்துக் கட்டப் போனவரு, இடது கையை அடியில உட்டிருக்காரு. சுருக்குன்னதும் ஆணி குத்திருச்சுன்னு நெனச்சுக் கையை உதறிப்போட்டுப் பாத்தா, மட்டைக் குவியலுக்குள்ள கண்ணாடி விரியன் நெளிஞ்சு போகுது. பெருசுகூட இல்லையாம், ஒரு முழந்தான். ஏ பழனான்னு என்னையக் கூப்புட்டாரு, சத்தமாக்கூட இல்லை. நான் அடுப்பை அணைச்சுப்போட்டு ஓடி வரயில சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு, கை மொழங்கால் மாதிரி வீங்க ஆரம்பிச்சிருச்சு. சஃபியா ஓடி வந்து ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தா, எனக்கு அதுவரைக்கும் நிக்கப் பொறுமையில்லை. பக்கத்துல நிக்கறது காருதானேன்னு கவரைக் கிழிக்காத கொறையா உருவிப் போட்டு, அவரை உள்ள உக்கார வெச்சுச் சாவியைத் திருகினேன். விளக்கெல்லாம் பளிச்சுன்னு எரியுது, எஞ்சின் கிர்ருன்னு ஒரு தரம் மொனகிச்சு, அப்பறம் அதுவும் இல்லை. எத்தனை தரம் திருகினேன்னு எனக்கே தெரியலை கண்ணு. நீ ராத்திரி டூட்டியெல்லாம் பாத்துச் சம்பாரிச்சு வாங்கின காரு, அந்த நேரத்துக்குக் கெளம்பலை. அதை உடு, பிக்கப்பை எடுன்னு அவருதான் சொன்னாரு.

சஃபியா நடுவுல உக்காந்து அவரு கையை ஆடாமப் புடிச்சுக்கிட்டா. நான் அதுவரைக்கும் பெரிய ரோட்டுல ஓட்டினதே இல்லை. பொள்ளாச்சி வரைக்கும் லாரியும் பஸ்ஸும் ரெண்டு பக்கமும் உரசிக்கிட்டுப் போகுது. இந்த மனுசன் அந்த நெலமையிலயும் உட்டாரா. கிளட்சை முழுசா அமுக்கு, தேர்டு போடு, எஞ்சின் கத்துது பாரு, முன்னாடி போறவன் பிரேக் புடிக்கறான் பாருன்னு ஒரே அதட்டல். எனக்கு வந்த கோவத்துக்கு எறக்கி உட்டுரலாமான்னு இருந்துச்சு. கோயில்பாளையம் தாண்டினதும் அந்த அதட்டல் நின்னுபோச்சு. திரும்பிப் பாத்தா கண்ணு மூடியிருக்குது, பல் ஈறுல ரத்தம் கசியுது. என்ன பண்றதுன்னு தெரியாம, வேணும்னே கேட்டேன், "ஏனுங்க, இப்ப எந்த கியருங்க?" கண்ணைத் தொறக்கலை. "நாலு"ன்னாரு. மறுபடியும் மறுபடியும் அதையே கேட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டினேன்.

அங்க நல்லபடியாப் பாத்தாங்க. கட்டுக் கிட்டுப் போடாம, கையை ஆட்டாமக் கொண்டுவந்ததே பெரிய உதவின்னு டாக்டரம்மா சொன்னாங்க. மருந்து ஏத்தி ரத்தம் உறையுதான்னு திரும்பத் திரும்பப் பாத்து, ஒரு வாரம் வெச்சிருந்து அனுப்பினாங்க. அந்த வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல், போன் கேமரா கெட்டுப்போச்சுன்னு உங்கிட்டச் சொன்னதெல்லாம் பொய். பாப்பாகிட்டச் சொல்லாதே, அவ வாங்கிக் குடுத்த காருனாலதான் இப்படி ஆச்சுன்னு நெனச்சுக்குவான்னு கையைப் புடிச்சுக் கேட்டாரு. அப்படி நெனச்சயின்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிப்போட்டேன். காரு ஒரு தப்பும் பண்ணலை. நிறுத்தி வெச்சதுதான் தப்பு.

மெக்கானிக் ராமுலு வந்து பானெட்டைத் தொறந்தாப்ல. உள்ள தேங்கா நாரும் என்ற பழைய சேலைத்துணியுமா ஒரு கூடு, ஒயரெல்லாம் கடிச்சுத் துப்பி வெச்சிருக்குது. மாத்திக் குடுத்துப்போட்டு, தெனம் நாலு எடத்துக்குப் போயிட்டு வாங்கக்கா, ஓடற வண்டியில எலி குடியிருக்காதுன்னு சொல்லிட்டுப் போனாப்ல. அதைக் கேட்டுக்கிட்டே கட்டில்ல படுத்திருந்த உங்கப்பா, இன்னும் தடிப்பா ஒரு கவரும் கீழ போடறதுக்கு வலையும் வாங்கணும்னாரு. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். அந்தக் கவரைக் கொண்டுபோய்ச் சஃபியா ஊட்டு ஆட்டுக் கொட்டாய்க்குக் கூரையாப் போட்டுட்டு வந்துட்டேன். மட்டைக் குவியலை ஆள் உட்டு அள்ளினேன். திங்கக்கெழமை காலையில காரை எடுத்துக்கிட்டுச் சத்துணவுக் கூடத்துக்குக் கெளம்பிட்டேன், கேக்கவுமில்லை கொள்ளவுமில்லை. ஏசி போட்டுக்கிட்டு, கண்ணாடியை ஏத்திக்கிட்டு, நெம்ப நல்லாத்தான் இருந்துச்சு அம்மணி, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா சாயங்காலம் திரும்பி வரயில நம்ம கேட்டுத் தூணுல இடது பக்கக் கதவை உரசிப்போட்டேன். நீளமா ஒரு கோடு. அவரு எந்திரிச்சு வந்து குனிஞ்சு பாத்தாரு, வெரலை வெச்சுத் தடவினாரு. இன்னைக்கு ஊடு ரெண்டாகும்னு நான் சாவியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். தோட்டத்துக்காரர் ஊட்டுல டிரைவரா இருந்த காலத்துல ஒரு கீறல் உழுந்ததுக்கு அவரைக் கதவுக்கு வெளியே நாள் பூரா நிக்க வெச்சாங்களாம், இத்தனை வருசத்துல எங்கிட்டச் சொன்னதே இல்லை, அன்னைக்குத்தான் சொன்னாரு. அப்பறம், "கீறல் உழுந்துருமோன்னு பயந்துக்கிட்டே காலம் பூரா ஓட்டிப்போட்டேன் பழனா. இதுல உழுந்துருச்சு, யாரும் ஒண்ணும் கேக்கலை பாரு"ன்னாரு. கோவமா இருக்கறதா அழுகறதான்னு தெரியாம உள்ள போய்ச் சோறு போட்டேன்.

இப்ப என்ற பாடு வேற மாதிரி ஆகிப்போச்சு. பொழுது சாஞ்சா காரை எடுக்கலாம் வான்னு நிக்கறாரு. இடது கையில ரெண்டு வெரலு இன்னும் மடங்கலை, கியரைப் புடிக்க முடியாது. அதனால தோப்புக்குள்ள போற ஆளில்லாத மண்ரோட்டுல அவரு ஸ்டேரிங் புடிச்சுக் கிளட்சை அமுக்கறாரு, பக்கத்துல உக்காந்து நான் கியரு போடறேன். கையும் காலும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராம வண்டி குதிக்குது, லேட்டாப் போட்டுட்டேன்னு என்னையத்தான் திட்டறாரு. வேண்டாம்ங்க, கை சரியாகட்டும்னா கேக்கறாரா. நீயாவது சொல்லு.

உன்ற காரையும் வாரக் கடைசிக்குன்னு நிறுத்தி வெக்காதே, டூட்டிக்கு எடுத்துக்கிட்டுப் போ, டயர்ல காத்து பாத்துக்கோ. மாரியாத்தா உன்னையக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்துவா, நோய் நொடியில்லாம நெறைஞ்ச ஆயுசோட இரு. இதைப் படிச்சதும் போன் பண்ணு, அவரு காரைக் காட்டறதுக்கு முன்னாடி கையைக் காட்டச் சொல்லு. அந்த வெரலுக்கு என்ன பயிற்சி குடுக்கணும்னு நீ நர்சம்மாவாச் சொன்னாத்தான் கேப்பாரு, நான் சொன்னா ஏறாது.

உன்ற நெனப்பாவே இருக்கற அம்மா,
பழனாத்தாள்