கோயில் காளைக்குத் திறந்த கேட்டு

அன்புள்ள தம்பி அருள்பாண்டிக்கு, மேலூரிலிருந்து அக்கா தமிழ்ச்செல்வி எழுதுகிறேன். மஸ்கட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இரு. போனிலேயே சொல்லலாம், ஆனால் நீ என்னை ஒரு பேச்சையும் முடிக்க விட்டதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, பார்.

இங்கே நல்ல மழை, கண்மாய் பாதி நிறைந்துவிட்டது. உன் மருமகள் தமிழ்வாணி ஸ்கூட்டி ஓட்டப் பழகுகிறாள். தெருவில் கோழிகள்தான் பாவம்.

இனி உன் சோலை அண்ணன் விஷயம். அவன் கேட்டைத் திறந்து ரோட்டுக்கு ஓடுகிறான், பகலில் அறையில் பூட்டி வைக்க கார்டியனான நான் சம்மதிக்க வேண்டும் என்று அவன் இருக்கும் கொட்டாம்பட்டி இல்லத்து மானேஜர் கேட்டாரல்லவா. நீயும், பூட்டட்டும்க்கா, லாரி போற ரோடு என்றாய். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் பூட்டச் சம்மதம் என்று சொல்ல மனசு வரவில்லை. நேரே மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே முத்துமீனா என்று ஒரு மேடம். கார்டியன் என்றால் அவருக்குப் பதிலாக முடிவெடுப்பவர் இல்லை, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பவர், சட்டம் அப்படித்தான் சொல்கிறது, முதலில் அவரைக் கேளுங்கள் என்றார். அவனுக்கு நாலு வார்த்தைதான் வரும் மேடம் என்றேன். அப்படியானால் உட்கார்ந்து பார்ப்போம் என்று என்னோடு இல்லத்துக்கே வந்துவிட்டார்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் சோலை கழனித்தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனான். வெளியே அந்த ஊர்க் கோயில் காளை நிற்கிறது. திறந்தான், வாளியை வைத்தான், தொட்டுக் கும்பிட்டான். கோயில் மாடு வந்து நின்றால் கதவு அடைத்திருக்கக் கூடாது என்று அம்மா இருந்தவரை ஓடுவாளே, அவளுக்கு வாளி தூக்கியது அவன்தானே. காளை நகர்ந்தால் பின்னாலேயே வாளியோடு போகிறான், அம்புட்டுத்தான். கோயம்புத்தூர்க்கார மானேஜருக்குத் தெரியாது, சரி. உனக்கும் எனக்கும் எங்கே போனது புத்தி? காளை வாலைச் சுழற்றி மானேஜரின் வெள்ளைச் சட்டையில் கோலம் போட்டது. சோலை சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது பூட்டு இல்லை. காளை உள்ளே வந்து குடிக்கட்டும், வாட்ச்மேன் முத்துப்பாண்டி அண்ணன் கூட நிற்கட்டும் என்று பேசினோம். இது உங்களுக்குச் சரியா என்று மேடம் சோலையைக் கேட்டார். ரொம்ப நேரம் கழித்து, சரி என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனை ஒருவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

ஆனால் நீ மானேஜருக்குப் போன் போட்டு, பூட்டாவிட்டால் சும்மா விடமாட்டேன் என்றாயாம். அவர் பயந்துபோய், உங்கள் வீட்டில் ஒரே பேச்சு வந்தால்தான் தொடரலாம், இல்லாவிட்டால் அவனை வைத்துக்கொள்ள முடியாது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது அவரிடம் பேசாதே தம்பி. சோலையைக் கூப்பிடச் சொல். உனக்கு எப்புடிண்ணே வேணும் என்று அவனையே கேள். பதில் வர நேரமாகும். என்னிடம் செய்வதுபோல் குறுக்கே பேசிவிடாதே, காத்திரு.

அம்மா கும்பிட்ட சாமி உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
தமிழ்ச்செல்வி