முழங்காலுக்கு ஒரு ஹிஸ்டரி கார்டு

நேற்று மாலை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினேன். என் விரல்களிலிருந்து உங்கள் வாசனை வந்தது. மேலே வலிக்குத் தடவும் களிம்பு, அடியில் மிஷின் எண்ணெய். அந்தக் கலவையை உங்களிடம் மட்டுமே முகர்ந்திருக்கிறேன். நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. நான் களிம்பு தடவத் தொடங்கி மூன்று வாரம்.

ஆமாம் சார், எனக்கும் முழங்கால் போய்விட்டது. இருந்திருந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். "வாங்க மேடம், நம்ம கட்சிக்கு" என்று இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒரே தொழிற்சாலையில் பதினோரு வருடம் நாம் சண்டைக்காரர்களாக மட்டுமே ஒருவரையொருவர் அறிந்திருந்தோம். விரிசல் விட்ட பாகத்தை ஆய்வகத்தில் நான் தள்ளுபடி செய்வேன், காரணம் மிஷினின் நிலை என்று எழுதுவேன். நீங்கள் மெயின்டனன்ஸிலிருந்து வந்து, மிஷினில் ஒன்றுமில்லை, இரும்புதான் மட்டம் என்பீர்கள். உங்கள் வலது முழங்கால் மடங்க மறுத்த பிறகுதான் பஸ்ஸில் என் பக்கத்து இடத்துக்கு வந்தீர்கள். கால் நீட்ட இடமிருந்தது டிரைவருக்குப் பின்னால் இருந்த அந்த நீள சீட்டில் மட்டும்தான். "தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். பின்னாடி இந்தக் கால வெக்க எடமில்ல. வேணும்னா நடுவுல பைய வெச்சிக்குங்க" என்றீர்கள். நானும் வைத்தேன். நான்கு மாதம் அந்தப் பை அங்கேயே இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் சட்டைப்பையிலிருந்து அந்த மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினீர்கள். ஒவ்வொரு மிஷினிலும் தொங்குமே, என்றைக்குப் பழுதானது, என்ன செய்தார்கள், எத்தனை மணி நேரம் நின்றது என்று எழுதும் ஹிஸ்டரி கார்டு, அதேதான். மிஷினின் பெயர் என்ற இடத்தில் "வலது முழங்கால்" என்று எழுதியிருந்தீர்கள். தயாரித்த இடம், காவேரிப்பட்டினம். நான் சிரிக்கவில்லை. இதை இவ்வளவு ஒழுங்காக எழுதுகிற மனிதர் இரும்பைக் குறை சொல்வது நியாயமாகவும் இருக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, மூட்டை மாற்றிவிடலாம் என்றார் ஓசூர் எலும்பு டாக்டர். வலி மாத்திரையிலேயே ஓட்டலாம் என்றார் கம்பெனி டாக்டர். உங்களுக்கு அது வெறும் வலியின் விஷயமாக இருக்கவில்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. கோடையில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை அழுத்தி வடிக்கும் புதிய ப்ரெஸ் கப்பலில் வரப்போகிறது. அதன் அடிப்பாகம் பதினான்கு இரும்புப் படி கீழே, குழிக்குள் உட்காரும். அதைப் பொருத்தி ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்பீர்கள். ஆபரேஷன் என்றால் மூன்று மாதம் வெளியே, ப்ரெஸ்ஸை வேறு யாராவது பொருத்திவிடுவார்கள். மாத்திரை என்றால் வேலையில் இருக்கலாம். ஆனால் உங்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், அதற்காக எடுத்த ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் கிரியேட்டினின் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது.

நான் மாத்திரைப் பக்கம் நின்றேன். நெட் சென்டரில் உட்கார்ந்து கத்தை கத்தையாகப் பக்கங்களை அச்செடுத்து வந்தேன். செயற்கை மூட்டும் ஒருநாள் தேயும், சர்க்கரை இருந்தால் புண் சீழ்பிடிக்கும் பயம் அதிகம், ஆபரேஷன் செய்கிறவரிடமே ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டால் வேறென்ன சொல்வார் என்றெல்லாம் வாதாடினேன். உங்கள் அட்டையும் என் பக்கம்தான் பேசியது. மாத்திரை தொடங்கியபின் "நின்ற நேரம்" பத்தியில் வரிசையாகப் பூஜ்யம். ஆயுத பூஜையன்று மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்துவிட்டு, பேன்ட் மேலேயே உங்கள் முழங்காலுக்கும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தீர்கள். "நாப்பது நாளு. ஒரு பிரேக்டவுன் கெடையாது" என்று அட்டையை நீட்டினீர்கள். ஆய்வகப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை. என் யோசனையல்லவா.

பிறகு அந்த மார்கழிக் காலை. ராகி அறுவடை முடிகிற நேரம். சானமாவு காட்டருகே வண்டிகள் வரிசையாக நின்றன. தூரத்தில் ஏரிக்கரையோரம் யானைக்கூட்டம், இரண்டு குட்டிகளோடு. பஸ்ஸே காலியாகி எல்லோரும் ரோட்டோர மேட்டில் ஏறி நின்றார்கள். ஒருமுறை யானை பார்க்கச் செருப்பை விட்டுவிட்டு ஓடிய கதையை எனக்குச் சொன்னவர் நீங்கள். அன்று அசையவில்லை. "நான் பாக்காத யானையா மேடம்" என்றீர்கள். கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, நானும் இறங்கவில்லை. முன்கண்ணாடி முழுக்க ஒரு லாரியின் முதுகு. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துச் சாய்த்து நீங்கள் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

அப்போதுதான் நானாக அட்டையைக் கேட்டு வாங்கினேன். கடைசியாகப் பழைய ப்ரெஸ்ஸின் குழிக்குள் இறங்கியது எப்போது? பசங்க இறங்குகிறார்கள் என்றீர்கள். கிரேன் மேலே ஏறியது? ஆடி மாதம். சந்தைக்கு? வீட்டில் போகிறார்கள். கோயிலுக்கு? கீழேயே கும்பிட்டு வந்துவிடுகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"சார், இது பிரேக்டவுன் ஆகாத மிஷின் இல்ல. நீங்க ஓட்டவே ஓட்டாத மிஷின்" என்றேன்.

ஓசூரில் இறங்கும்போது கம்பியைப் பிடித்து நின்று சொன்னீர்கள். "மிஷின நிறுத்தி வெச்சிட்டு பிரேக்டவுன் இல்லன்னு ப்ரொடக்‌ஷன்காரன் எழுதினா, இருவத்தெட்டு வருசமா அவன நான் கிழிச்சிக்கினு இருக்கேன். இப்ப நானே எழுதியிருக்கேன் பாருங்க."

மறுநாள் அட்டையில் பேனாவால் புதிதாக ஒரு பத்தி கோடு போடப்பட்டிருந்தது. "இன்று செய்யாதது." இரண்டு வாரத்தில் அது நிரம்பி வழிந்தது. இரண்டு இடத்தில் உங்கள் மனைவியின் கையெழுத்து இருந்தது. நீங்கள் மறைத்ததை அவர்கள் எழுதியிருந்தார்கள்.

"நீங்கதான மேடம் மாத்திரன்னீங்க?" என்று கேட்டீர்கள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஆமாம், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். யாரிடமும் எளிதில் சொல்லாத வார்த்தை. நடுவில் இருந்த பையை அன்றைக்குத்தான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்ததும் பெங்களூரில் ஆபரேஷன். அந்த முழு நாளும் நான் ஒரு சாம்பிளைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. முதலில் மாத்திரை என்று சொல்லி, பிறகு ஆபரேஷன் பக்கம் தள்ளியதும் நான்தான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டேனோ. உங்கள் மனைவியின் மொபைலுக்கு மூன்று முறை பேசினேன். மூன்றாவது முறை அவர்களே, "நல்லா இருக்காரும்மா. காப்பி கேக்கறாரு" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தபோது பயிற்சி கொடுக்கும் கன்னடப் பெண்ணொருத்தி உங்கள் காலைப் பிடித்து, "ஸ்வல்ப மடிச்சி சார், இன்னும் ஸ்வல்ப" என்று கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் பல்லைக் கடித்துத் தெலுங்கில் எதையோ முணுமுணுத்தீர்கள். அவள் தெலுங்கிலேயே பதில் சொன்னாள். "திட்டறதுக்கு ஒரு பாஷ பாக்கியில்ல மேடம் இந்த ஊர்ல" என்றீர்கள். ஆனால் அடுத்த வாரம் வீக்கம் வடியாமல் தூக்கமின்றிக் கிடந்தபோது, மாத்திரையோடே இருந்திருக்கலாம் என்றீர்கள். ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ் மாநில எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

சித்திரையில் கைத்தடியோடு வந்தீர்கள். நீங்கள் இல்லாமலே அஸ்திவாரம் போட்டிருந்தார்கள், ப்ரெஸ்ஸையும் இறக்கியிருந்தார்கள். அது உங்களுக்கு வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை. சோதனை ஓட்டத்தன்று முதல் பாகத்தைப் பரிசோதிக்க நானும் நின்றிருந்தேன். ஓட்டும் நேரத்தில் குழிக்குள் எங்கோ எண்ணெய் கசிந்து அழுத்தம் ஏறவில்லை. எங்கே என்று இரண்டு பேர் இறங்கிப் பார்த்தும் தெரியவில்லை. நீங்கள் கைத்தடியை என்னிடம் கொடுத்தீர்கள், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினீர்கள். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைக்காமல், ஒரு காலுக்கு ஒரு படி. நான் எண்ணினேன். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து குரல் வந்தது. "மேடம், பதினாலும் அப்பிடியே இருக்குது."

தளர்ந்திருந்த இணைப்பை இறுக்கிவிட்டு ஏறி வந்தீர்கள். முதல் அடி விழுந்தபோது தரை துள்ளியது. சிவக்கச் சிவக்க முதல் பாகம் வெளியே வந்தது. நான் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினேன். நானா என்று எனக்கே ஆச்சரியம். ஆய்வகப் பெண்கள் இன்றும் அதை நடித்துக் காட்டுகிறார்கள்.

வலி மாத்திரையை விட்டபின் ரத்தப் பரிசோதனையின் எண் ஏறாமல் நின்றது. ஓய்வுக்குப் பின்னும் நாலு சந்தைக்கு நடந்தீர்கள், அடுத்த யானைக்கூட்டம் வந்தபோது யாரோ ஒருவரின் வண்டியில் தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தீர்கள். கடைசியில் இதயம்தான், ஒரு காலை நேரத்தில், காப்பி டம்ளரைக் கீழே வைத்தபின். முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அதையும் நான் இரண்டாவது டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இப்போது என் முறை. ஆபரேஷனுக்குப் பின் நீங்கள் நடந்ததைப் பார்த்தவர் என்பதால் என் கணவர் உடனே மூட்டை மாற்றிவிடு என்கிறார். ஐம்பதுகூட ஆகவில்லை, தேவைப்படும்போது மட்டும் மாத்திரை, தினமும் பயிற்சி, ஆபரேஷனைப் பத்து வருடம் தள்ளலாம் என்கிறார் டாக்டர். இரண்டு பேரையும் நான் முழுதாக நம்பவில்லை. பயப்பட வேண்டிய இடத்தில் எனக்கு ஏனோ பரபரப்பாக இருக்கிறது, புதிய மிஷின் வந்திறங்கிய நாள் மாதிரி. மெயின்டனன்ஸிலிருந்து ஒரு மஞ்சள் அட்டை வாங்கி வந்தேன். நின்ற நேரம், பூஜ்யம். உங்களுடைய "இன்று செய்யாதது" பத்தியில் பொய் எழுத முடியவில்லை. ஒரு வரி இருக்கிறது. மாடியில் உள்ள கருவி அறைக்கு நான் போவதில்லை, பெண்களை அனுப்புகிறேன்.

ஒரு வரிக்கு டாக்டர் சொல்வது சரி. மூன்று வரியானால் பெங்களூர் ஆபரேஷனுக்கு அத்திப்பள்ளியைத் தாண்டிவிடுவேன், யாரிடமும் கருத்துக் கேட்கமாட்டேன். அதுவரை தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை பத்துக்கு முன்பே கால் நடுங்கி விட்டுவிடுவேன். இன்று பன்னிரண்டு எண்ணினேன், சார்.